பதினோரு விநாடி

மார்ச் 9

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எப்போதும்போல ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை போனை முதலில் வைத்தது யார் என்ற சண்டையே தீராதபோது அதெல்லாம் எதற்கு? (நீதான் வைத்தாய். ஆறு பதினேழுக்கு.)

விஷயத்தை என் வாயாலேயே நீ கேட்டுக்கொள்வது நல்லது. நம் பச்சைச் சட்டை அணியின் ரசிகர் மன்றம் கால்பந்துக் கூட்டமைப்பின்மேல் வழக்குப் போட்டுவிட்டது. நாற்பத்து மூன்று பேர் கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது எதிர்மனுதாரராக அந்த ஆட்டத்தின் நடுவரைச் சேர்த்திருக்கிறார்கள். அதாவது உன்னை.

நாற்பது வருடமாகக் கீழ் டிவிஷனிலேயே கிடக்கிற அணி, குட்டி. ஒன்றுக்கொன்று என்று நிற்கிறது. இன்னும் ஒரு கோல் விழுந்தால் மேல் டிவிஷன். கூடுதல் நேரம் நான்கு நிமிடம் என்று போர்டு தூக்கினார்கள். நம் ஏழாம் நம்பர் உதைத்த பந்து காற்றில் இருக்கும்போது நீ கடைசி விசிலை ஊதினாய். பந்து வலைக்குள் போய் விழுந்தது. கோல் இல்லை என்று கையை ஆட்டினாய். சுற்றியிருந்த ஜனங்கள் உன்னைப் பற்றிப் பேசிய பேச்சையெல்லாம் நான் காதில் வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

செல்போனில் படம் பிடித்தவர்கள் எல்லாரும் பந்தைத்தான் பிடித்தார்கள், கடிகாரத்தைப் பிடிக்கவில்லை. நேரம் எழுதி வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். ரிட்டயர் ஆனாலும் கை சும்மா இருக்குமா? டிப்போ வாசலில் கண்ணாடிக் கூண்டில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து வண்டிகளின் நேரம் எழுதிய டைம் கீப்பர் நான். யாருக்காகவும் ஒரு விநாடி மாற்றி எழுதியதில்லை. போர்டு தூக்கிய நேரம், நீ விசில் ஊதிய நேரம், இரண்டும் என் நோட்டில் இருக்கின்றன. நடுவில் மூன்று நிமிடம் நாற்பத்தொன்பது விநாடி. பதினோரு விநாடி குறைகிறது. பந்து வலைக்குப் போக அதில் இரண்டு விநாடி போதும்.

என் மகள் என்பதற்காக விநாடி நீண்டுகொடுக்குமா? நீயே சொல்.

வழக்கு முடியும்வரை எதிர்த்தரப்போடு போனில் பேசக்கூடாது என்று வக்கீல் சொன்னார். கடிதம் எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா

பி.கு.: அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தி ஆறு நாள் ஆகிறது. வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்கிறார். "உப்பு கம்மி" என்று நேற்றுச் சுவரிடம் புகார் செய்தார்.

*

மார்ச் 15

அம்மா,

உன் கடிதத்துக்கு முதல்நாளே நீதிமன்ற நோட்டீஸ் வந்துவிட்டது. அச்சகத்தில், இரண்டாம் ஷிப்ட் ஆரம்பிக்கும் நேரத்தில், மேலாளர் முன்னால் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மனுதாரர் பட்டியலில் முதல் பெயரைப் பார்த்துவிட்டு அவர், "உங்க அப்பா பேரும் இவங்க வீட்டுக்காரர் பேரும் ஒண்ணா இருக்கே, தெரிஞ்சவங்களா?" என்றார். "ஓரளவுக்குத் தெரியும் சார்" என்றேன்.

அந்த ஆட்டத்தை நான் கேட்டு வாங்கவில்லை. நடுவராக இருக்க வேண்டியவருக்கு அன்று காலை கணுக்கால் பிசகியது. மாற்று நடுவர் நான். எனக்கு அது சொந்த ஊர் என்று கூட்டமைப்பிடம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு அணி மேனேஜர்களும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் மைதானத்துக்குள் காலை வைத்தேன். நம் அணி மேனேஜர், "நம்ம பொண்ணுதானே" என்று சிரித்துக்கொண்டே போட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மே மாதம் சர்வதேச நடுவர் பட்டியலுக்குத் தேர்வு. ஒன்பது வருடமாக இதற்காகத்தான் விடிந்ததும் விடியாததுமாக ஓடுகிறேன் என்று உனக்குத் தெரியும். நேரத்தைத் திருடினாள் என்று ஒரு வழக்கு தலையில் இருந்தால் யார் எடுப்பார்கள்?

என் கைக்கடிகாரத்தில் நான்கு நிமிடம் முழுதாக ஓடியது. ஆட்ட அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இதற்குமேல் என்னை நிரூபிக்கச் சொல்லாதே. "குட்டி, உன் வாட்ச் என்ன காட்டிச்சு?" என்று ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கலாம். நோட்டை நம்பினாய்.

உப்பைக் கொஞ்சம் கூட்டிப் போடு. அப்பா பாவம்.

நடுவர்
(இரண்டாவது எதிர்மனுதாரர்)

*

மார்ச் 21

அன்புள்ள இரண்டாவது எதிர்மனுதாரருக்கு,

கோபத்திலும் கையெழுத்து மணிமணியாக இருக்கிறது. அந்த விஷயத்தில் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாய்.

கேட்டிருக்கலாம்தான். கேட்டால் நீ "நான்கு நிமிடம்" என்பாய் என்று தெரியும். டிப்போவில் எந்தக் கண்டக்டர் கூண்டுக்கு முன்னால் வந்து, "ஆமாம்மா, லேட்டாதான் வந்தேன்" என்று ஒப்புக்கொண்டான்? எல்லாருடைய வாட்ச்சிலும் வண்டி சரியான நேரத்துக்குத்தான் வரும். அதற்குத்தான் கூண்டில் ஒருத்தியை உட்கார வைத்திருக்கிறார்கள்.

தேர்வு விஷயம் எனக்கும் மனதை அறுக்கிறது. மன்றத் தலைவர், நம் பேட்டரிக் கடைக்காரர், நல்ல மனுஷன், கடைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "அக்கா, உங்களுக்குச் சங்கடம்னா விலகிக்கோங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்." அவர் அப்படிச் சொன்னதும்தான் எனக்கு ரோஷம் வந்தது. மகளுக்காக ஒதுங்கிக்கொண்டாள் என்று நாளைக்கு யாராவது சொன்னால் அது உனக்கும் சேர்த்துத்தான் அசிங்கம். "முதல் சாட்சியே நான்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் நம் தெருவைத் தாண்டி இரண்டு தெரு போய்விட்டேன். அதை உன்னிடம்தான் சொல்கிறேன்.

உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்று அந்தக் கறுப்புச் சட்டையில் இருபத்திரண்டு ஆம்பிளைகளை நடுவில் நின்று அதட்டினாயே, நான் பக்கத்துச் சீட்டுக்காரியின் தொடையைக் கிள்ளிவிட்டேன். அவளும் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கிள்ளியதற்குத் தனி வழக்குப் போடுவாளாம்.

அம்மா

*

மார்ச் 30

அம்மா,

விலகாதே. எனக்காக நீ விலகினால் நான் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன். கூட்டமைப்பின் வக்கீல், "உங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்" என்றார். அவரிடமும் இதையேதான் சொன்னேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பந்து எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு விசிலை எடுப்பவள் நடுவர் இல்லை. ஏழாம் நம்பர் உதைத்ததைப் பார்த்தேன். நல்ல உதை. சின்ன வயசில் உன் மடியில் உட்கார்ந்து எந்தப் பக்க கோலுக்கு நான் கத்தினேனோ, அதே பக்கம் போனது. நேரம் முடிந்திருந்தது. ஊதினேன்.

இந்த வாரம் எனக்கு ஆட்டம் எதுவும் தரவில்லை. வழக்கு முடியட்டும் என்கிறார்கள். கீழே சைக்கிள் கடைக்காரர், "என்னம்மா, ஞாயித்துக்கிழமையும் ரூம்லயே இருக்கீங்க?" என்கிறார். துணி துவைத்தேன். நான்கு விசில்களையும் கழுவிக் காயவைத்தேன்.

மகள்

*

ஏப்ரல் 12

குட்டி,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

நோட்டு நீதிமன்றத்தில் இருக்கிறது; அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸைக் கொடுத்து, நல்ல பிரதியாக எழுதித் தரச் சொன்னார் வக்கீல். அவருக்கு வேண்டியது கடைசி இரண்டு வரிதான். நான்தான், அரைப் பக்கம் எழுதிப் பழக்கமில்லாதவள், முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தேன். இரண்டாம் பாதி ஆரம்பித்தது ஐந்து மணி இரண்டு நிமிடம் பத்து விநாடி. அதை எழுதியதும் கை அப்படியே நின்றது.

அதோடு நாற்பத்தைந்து நிமிடம் கூட்டு. ஐந்து நாற்பத்தேழு, பத்து விநாடி. கூடுதல் நேரம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் எண்ணியதோ போர்டு தூக்கிய ஐந்து நாற்பத்தேழு, இருபத்தொன்றிலிருந்து. போர்டு வைத்திருந்த அந்த நான்காவது நடுவர் பையன், எண் விளக்கு எரியாமல் இரண்டு தடவை தட்டித் தட்டித் தூக்கினானே, அந்தப் பதினோரு விநாடி. நீ ஊதியது ஐந்து ஐம்பத்தொன்று, பத்து. நான்கு நிமிடம். ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஏன் அப்படி எண்ணினேன் என்று எனக்குத் தெரியும். எங்கள் டிப்போவில் புறப்படும் டிரிப்புக்கு வண்டி வந்து நின்றால் மட்டும் கணக்கில்லை. கண்டக்டர் இறங்கி ஊர்ப் பெயர் போர்டைத் திருப்பினால்தான் அடுத்த டிரிப்பின் நேரம் ஓட ஆரம்பிக்கும். முப்பத்தோரு வருடம் போர்டைப் பார்த்துப் பார்த்துப் பேனாவை எடுத்த கை, உன் ஆட்டத்திலும் போர்டைப் பார்த்துத்தான் எடுத்தது. பஸ்ஸுக்குச் சரி. பந்துக்குத் தப்பு.

நாற்பத்து மூன்று பேரை நான் தெருவுக்கு இழுத்துவிட்டேன். பெற்ற மகளைத் திருடி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, நேரம் பார்க்கவில்லை.

இருபத்தாறாம் தேதி சாட்சி. கூண்டில் ஏறி இதைச் சொல்லப் போகிறேன்.

அம்மா

*

ஏப்ரல் 17

அம்மா,

வேண்டாம்.

யோசித்துப் பார். நடுவரின் அம்மா சாட்சிக் கூண்டில் ஏறி, "நான் எழுதினது தப்பு, என் பொண்ணு ஊதினது சரி" என்றால் உலகத்தில் யார் நம்புவார்கள்? ஊரே சிரிக்கும். மன்றத்தில் முப்பது வருடம் உட்கார்ந்த இடத்தில் உன்னை உட்கார விடமாட்டார்கள். எனக்கும் காலத்துக்கும், "அம்மா காப்பாத்தி விட்ட ரெஃப்ரி" என்று பெயர் நிற்கும். அதற்குத் திருடி என்ற பெயரே தேவலாம். அதையாவது நானே சமாளித்துக்கொள்வேன்.

எப்படியும் வழக்கு நிற்காது என்கிறார் கூட்டமைப்பின் வக்கீல். ஆட்டத்துக்குள் நடுவர் எடுத்த முடிவில் நீதிமன்றம் தலையிடாதாம். நீ வக்கீல் கேட்கும் இரண்டு வரிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இறங்கிவிடு. அந்த இரண்டு வரியும் பொய் இல்லையே.

நீயே கண்டுபிடித்தாய், நீயே எழுதினாய். எனக்கு அது போதும் அம்மா. நிஜமாகவே போதும். கடிதத்தை அச்சகத்தில் மை டின்களுக்குப் பின்னால் நின்று படித்தேன். அழுகை வந்தது. மை நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மகள்

*

ஏப்ரல் 29

அன்புள்ள குட்டிக்கு,

சொல் பேச்சுக் கேட்காத அம்மா எழுதுவது.

சொல்லிவிட்டேன்.

நம் வக்கீல் அந்த இரண்டு வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "அவ்வளவுதான்" என்று உட்காரப் போனார். "இல்லைங்க, மேலே இன்னும் இருக்கு" என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்க எதிர்மனுதாரரோட தாயார்தானே?" என்று கேட்டார். "ஆமாங்க. அது முப்பத்து நாலு வருஷமா உள்ள விஷயம். நான் சொல்ல வந்தது வேற" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"மகளுக்காகச் சாட்சியத்தை மாத்திச் சொல்றீங்கன்னு நாங்க ஏன் நினைக்கக் கூடாது?" என்றார். நல்ல கேள்வி. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. "என்னை நம்ப வேண்டாம்மா. நோட்டு வழக்குப் போட்ட அன்னைக்கே உங்ககிட்ட வந்தாச்சு. அதுக்கப்புறம் நான் அதைத் தொடவே இல்ல. உங்க குமாஸ்தாவைக் கழிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. கழித்தல் கணக்குக்கு அம்மா பாசமெல்லாம் கிடையாது" என்றேன். குமாஸ்தா அங்கேயே பேப்பரில் கழித்தார். இரண்டு தடவை கழித்தார். நான்கு நிமிடம் என்று எழுதி மேலே கொடுத்தார்.

வழக்கு தள்ளுபடி. ஆட்டத்தின் முடிவில் நீதிமன்றம் தலையிட முடியாது என்பது ஒரு காரணம். நேரத்தில் குறையே இல்லை என்பது இரண்டாவது காரணம். அந்த இரண்டாவதை எழுத வைத்தது நான். உன்மேல் இருந்த பழியைக் கறுப்பு மையில் அடித்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தின் நகல் இதோடு வைத்திருக்கிறேன். தேர்வுக்கு எடுத்துக்கொண்டு போ.

நீ சொன்னது அத்தனையும் நடந்தது. படியிறங்கும்போது ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தொடையைக் கிள்ளினேனே, அவள் மட்டும் பக்கத்தில் வந்து, "இதுக்கா எங்கள இவ்வளவு தூரம் இழுத்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மறுநாள் பேட்டரிக் கடைக்காரர் என்னிடம் இருந்த மன்றச் சாவியை வாங்கிக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டுதான் வாங்கினார். நான் நிமிர்ந்துதான் கொடுத்தேன்.

அப்பா பேச ஆரம்பித்துவிட்டார். முதல் வார்த்தை என்ன தெரியுமா? "குழம்புல இப்ப உப்பு ஜாஸ்தி."

அம்மா

*

மே 20

அன்புள்ள அம்மாவுக்கு,

தேர்வு நேற்று முடிந்தது. ஓட்டத்தில் முதலிடம். எழுத்தில் இரண்டாவது. கடைசியில் ஐந்து பேர் கொண்ட குழு முன்னால் உட்கார வைத்தார்கள். நீ அனுப்பிய நகல் மேசையில் இருந்தது. தலைவர் அதைத் தட்டிக் காட்டி, "நேரம் சரி. அதே மாதிரி இன்னொரு ஆட்டம் வந்தா மறுபடியும் அப்படியே ஊதுவீங்களா?" என்று கேட்டார்.

ஊதுவேன் என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் நீ கூண்டில் ஏறி நின்றது கண் முன்னால் வந்தது.

உனக்கும் சொல்ல வேண்டும். நான்கு நிமிடம் என்பது குறைந்தபட்சம். அதற்குமேல் எப்போது ஊதுவது என்பது நடுவர் கையில். ஒரு தாக்குதல் நடக்கும்போது, பந்து காற்றில் இருக்கும்போது, நாங்கள் யாரும் ஊதுவதில்லை அம்மா. இறங்கட்டும் என்று இரண்டு விநாடி விடுவோம். எழுதாத வழக்கம் அது. நானும் ஒன்பது வருடம் அப்படித்தான் விட்டிருக்கிறேன். எதிர் அணி அந்தப் பந்தை உதைத்திருந்தால் விட்டிருப்பேன். முன்பின் தெரியாத ஊர் அணியாக இருந்தாலும் விட்டிருப்பேன்.

உதைத்தது நம் பச்சைச் சட்டை. அது உள்ளே போய்விடும் என்று தெரிந்தது. போக வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. "நம்ம பொண்ணுதானே" என்று அந்த மேனேஜர் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. ஊதிவிட்டேன். பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் ஊதினேன் என்று உனக்கு வீரமாக எழுதினேன். பார்த்துத்தான் ஊதினேன்.

அதனால் குழுவிடம், "மறுபடி அப்படி ஊத மாட்டேன் சார். கடிகாரம் சரி. நான் அந்த அணிக்குச் செஞ்சது சரியில்லை. என் ஊருங்கிறதாலயே அவங்களுக்குக் குறைச்சுக் கொடுத்துட்டேன்" என்றேன். இன்று மதியம் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறது.

வருத்தம்தான். ஆனால் அந்த அறையிலிருந்து நான் நிமிர்ந்து நடந்து வெளியே வந்த மாதிரி இதுவரை எந்த மைதானத்திலிருந்தும் வந்ததில்லை.

இதை மன்றத்தில் சொல்வதானால் சொல். மறைக்கச் சொல்லி உன்னைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

உன் மகள்

*

மே 27

என் தங்கமே,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக பேட்டரிக் கடைக்குத்தான் போனேன். மன்றத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே படித்தேன். முடித்ததும் கடைக்காரர் மேசையில் ஓங்கித் தட்டி, "பார்த்தீங்களா, நாமதான் சரி!" என்று கத்தினார். எல்லாரும் கத்தினார்கள். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். "பட்டியல்ல பேரு போயிடுச்சா?" என்று அந்தத் தொடைக்காரி கேட்டாள். "போயிடுச்சு" என்றேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "நம்ம ஊர்ப் பொண்ணுய்யா அது" என்று கடைக்காரர் யாரையோ அதட்டினார். அங்கே அதை மறுத்தவர் ஒருத்தரும் இல்லை. சாவி என் கைக்கு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். மடித்துவிட்டு, "நீ என் வண்டிக்குப் பண்ணினதைத்தான் உன் பொண்ணு ஊருக்கே பண்ணியிருக்கா" என்றார்.

உனக்கு இது தெரியாது. யாருக்காகவும் ஒரு விநாடி மாற்றி எழுதியதில்லை என்று உனக்கு எழுதினேனே, அது பொய். வண்டியின் முகப்பு வாசல் வளைவில் தெரிந்தாலே வந்துவிட்டதாக எழுதிவிடுவேன். நெரிசலில் ஓட்டி வருகிறவர்கள், பாவம், ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆகும். எல்லா டிரைவருக்கும் அப்படித்தான், ஒருத்தரைத் தவிர. அப்பாவின் வண்டிக்கு மட்டும் சக்கரம் நின்ற பிறகுதான் பேனாவை எடுப்பேன். பெண்டாட்டி சலுகை கொடுத்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. பத்து வருடம் நேரம் தவறாத டிரைவருக்கு டிப்போவில் பதக்கம் தருவார்கள். அவருக்குப் பத்தாவது வருடம், கடைசி மாதம், ஒரு நிமிடம் தாமதம் என்று நான் எழுதினேன். பதக்கம் போனது. அவர் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். அவரை ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்று கேட்டேன். "கஷ்டமா இருந்துச்சா?" என்றேன். சுவரைப் பார்த்துத் திரும்பினார். "இருந்துச்சு" என்றார். பிறகு உன் கடிதத்தைக் காட்டி, "ஆனா இவ சொல்லிட்டா பாரு" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் உனக்கு எப்படி எழுதுவேன்? அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டா என்று நான் கேட்கவில்லை.

அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். இருபத்து மூன்று வருடம் கழித்து.

"லேட்டுன்னு எழுதிக்கோ" என்றார்.

எழுதிக்கொண்டேன்.

அம்மா